தோலுறைக்குள் மணல்

“மணலு தானா நடந்து வந்து உள்ள பூந்துக்குச்சுன்றியா?”

“நான் இன்னா சொன்னேன் நைனா? மணலு கீதுன்னேன். எப்டி வந்துச்சுன்னு மணலயே கேளு.”

“உன்னைக் கேக்காம? கடைசியா இத்த பூட்டினது யாரு? நீ தானே?”

“பூட்டினது நானு. ஓட்டினது நீ. ரெண்டுத்துக்கும் நடுவுல வண்டிக்கு அடில படுத்துகினு கீறவன் எவனோ, அவன அல்லா தான் பாத்திருக்கணும்.”

மஜீது உள்ளங்கையை விரித்து நீட்டினான். அதில் அப்பியிருந்த கறுத்த கிரீசுக்குள் ஏதோ பொடிப் பொடியாக மின்னிற்று, மீன் செதிலைத் தூளாக்கித் தூவினாற்போல. ஸ்டானிஸ்லாஸ் ஒரு துளியைக் கிள்ளி, கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. எண்ணூர் மணலேதான். அந்த மணல் எந்தக் கூட்டத்தில் கலந்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியும்.

ராயபுரத்து ரயில் பாதையை ஒட்டியிருந்த மஜீதின் பட்டறைக்குள் லாரி முகத்தை மட்டும் நுழைத்து, முதுகை வெயிலுக்குக் கொடுத்து நின்றிருந்தது. அது பட்டாளத்து வண்டி. ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த பிறகு வேண்டாமென்று ஏலத்தில் கழித்துக் கட்டியவற்றில் ஒன்று. எந்தச் சீமைச் சேற்றில் புரண்டதோ, யார் யார் பிணத்தைச் சுமந்ததோ! ஸ்டீரிங்கில் கை வைத்திருக்கும்போது சில நேரம் ஸ்டானிஸ்லாஸுக்குத் தோன்றும், தனக்கு முன்னால் இதே சக்கரத்தை ஒரு வெள்ளைக்காரப் பையன் பிடித்திருப்பான், அவன் முன்னால் உப்பு இருந்திருக்காது, பனி இருந்திருக்கும், இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைதான் என்று. இப்போது அந்த வண்டி எண்ணூர் உப்பளத்திலிருந்து திருவொற்றியூர் ரயிலடிக் கிடங்குக்கு உப்பு மூட்டை சுமந்தது.

மற்ற லாரிகளுக்குப் பின்சக்கரம் மட்டும் தள்ளும். இதற்கு நாலு சக்கரமும் இழுக்கும். அதனால்தான் மாடு கால் வைக்கக் கூசுகிற மணலிலும், கழிமுகத்துத் தண்ணீர் வற்றிய நேரத்துச் சேற்றிலும் இது போய் வந்தது. ஆனால் நாலு சக்கரம் இழுத்தால் நோவும் அதற்குத் தக்கபடிதான். எஞ்சினிலிருந்து முன்சக்கரத்துக்கு ஓடுகிற இரும்புத் தண்டு மேடு பள்ளத்துக்கு ஏற்ப மடங்கித் தர வேண்டும். மடங்கிக்கொண்டே சுழலவும் வேண்டும். அதற்காகத்தான் தண்டின் முனையில் ஜாயிண்டு. இரண்டு இரும்புக் கவட்டை, நடுவில் நாலு முனை கொண்ட எஃகுச் சிலுவை. ஒவ்வொரு முனையும் ஒரு பித்தளைக் குழலுக்குள் உட்கார்ந்து திரும்பும். கைக்கு மணிக்கட்டு எப்படியோ அப்படி. அதற்குள் மண் போகக்கூடாது, நெய்ப்பு வற்றக்கூடாது. ஆகவே சுற்றிலும் கிரீசை அப்பி, மேலே தோலால் ஓர் உறை மாட்டி, பூட்ஸுக்கு வார் கோப்பது போலக் கோத்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். உறை கிழிந்து மணல் உள்ளே போய்விட்டால் கிரீசே சாணைக்கல்லாக மாறிவிடும். சிலுவை தன்னைத் தானே தேய்த்துத் தின்று தீர்க்கும்.

இந்தப் பருவத்தில் அப்படித் தின்று தீர்த்த சிலுவை இது மூன்றாவது.

“வாரப் பாரு” என்று மஜீது உறையைத் தூக்கிக் காட்டினான். வார் அறுந்து தொங்கியது. அறுந்த முனை கிரீசில் ஊறி, சுழற்சியில் அடிபட்டு, தேய்ந்த துடைப்பம் போலப் பிரிந்து கிடந்தது. கத்தி பட்டதா, கல் பட்டதா என்று அதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

“புது வாரு, மஜீது. நீ பூட்டினப்பறம் நானே முடிச்சு போட்டேன். வலைக்குப் போடற முடிச்சு. சுறாவே இழுத்தாலும் அவுராது.”

“அவுரல நைனா. அறுந்துகீது.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஜீதுக்குச் சொல்ல ஏதோ இருந்தது போலவும், சொல்லாமல் விட்டது போலவும் ஸ்டானிஸ்லாஸுக்குப் பட்டது. ஒவ்வொரு முறை ஜாயிண்டு போகும்போதும் யாருக்கு வேலை வருகிறது? மஜீதுக்குத்தானே? சீ, பத்து வருஷத்துத் தோஸ்து என்று மனசு அதட்டியது. தோஸ்து என்றால் வயிறு கிடையாதா என்று அதே மனசு திருப்பிக் கேட்டது.

லாரிக்குச் சொந்தக்காரர் உப்புக் கான்டிராக்டர் பக்தவச்சலம். அன்று சாயங்காலம் கிடங்கு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உடைந்த சிலுவையைக் கையில் வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படாத நாள்தான் ஆபத்தான நாள்.

“இரும்பு சும்மா சாவாது ஸ்டானிஸ்லாஸு” என்றார். “இதுல யாரோ கை வெக்கிறான். எவன்னு சொல்லு. இன்னொரு தபா ஒடஞ்சா இந்த வண்டிய பேரிச்சம்பழத்துக்குப் போட்டுட்டு நான் மாட்டையே கட்டிக்குவேன். மாட்டுக்கு டிரைவர் வேணாம், தெரியும் இல்ல?”

தெரியும். துறைமுகத்தில் கரிக்கூடை தூக்கிய காலத்தை ஸ்டானிஸ்லாஸின் தோள்பட்டை இன்னும் மறக்கவில்லை. எச்சில் துப்பினாலும் கறுப்பாக விழுந்த காலம் அது. அங்கிருந்து இந்த ஆசனத்துக்கு ஏறி வந்திருக்கிறான். கோயில் வாசலில் ஜனங்கள் ‘டிரைவரே’ என்று வழிவிடுகிறார்கள். திரும்பக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் நடப்பதைவிட, கழிமுகத்தில் வண்டியோடு இறங்கிவிடலாம்.

எவன்?

மறுநாள் தொடங்கி அவன் கண்ணுக்கு எல்லோரும் திருடர்களாகத் தெரிந்தார்கள். லாரி வருவதற்கு முன்னால் உப்புச் சுமந்தவர்கள் மாட்டு வண்டிக்காரர்கள். முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில், மணலில் பனையோலை பரப்பிய தடத்தில் அவர்கள் எதிரே வந்தால் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி மாட்டுக்குத் தட்டிக்கொடுப்பார்கள்.

“இன்னா டிரைவரே, உன் ராட்சசன் இன்னிக்கு மூச்சு உடறானா? இல்ல, எங்க மாட்ட அவுத்து இழுக்கணுமா?”

“நீ உன் மாட்ட பாத்துக்க மாமு.”

“என் மாட்டுக்கு முட்டி தேயாது நைனா. தேஞ்சாலும் எண்ணெ கேக்காது!”

கூட்டமே சிரித்தது. ஏன் அவன் முட்டி என்று சொன்னான்? ஜாயிண்டு போன செய்தி அவனுக்கு எப்படித் தெரியும்? திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை அது தெரியாதவன் யாருமில்லை என்பது ஸ்டானிஸ்லாஸின் புத்தியில் அப்போது ஏறவில்லை.

பக்கத்து இருக்கையில் ராசையாவும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ராசையா வண்டியின் கிளீனர். ஸ்டானிஸ்லாஸின் மனைவி சிலுவையம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி. முப்பதை எட்டிக்கொண்டிருக்கும் ஆள்; பேச்சு குறைவு, கைவேலை அதிகம். போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தான். அக்காள் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். “லைசென்ஸ் கீது, வண்டிதான் இல்ல” என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். ஒரு நாள் பக்தவச்சலம் வேடிக்கையாக, “எங்க, நீ தான் பின்னால எடு பாப்போம்” என்றார். இரண்டு சுவருக்கு நடுவில் அந்த ராட்சசனை அவன் பூனையைத் தூக்கிப் போடுவது போலப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கான்டிராக்டர் கை தட்டினார். ஸ்டானிஸ்லாஸும் தட்டினான். அன்றைக்கு அவனுக்கு இராச் சோறு இறங்கவில்லை.

வண்டி கெட்டால் டிரைவர் போவான். டிரைவர் போனால் அந்த இடத்தில் யார் உட்காருவான்?

இந்த நினைப்பு ஒரு முறை வந்துவிட்டது. வந்த பிறகு அது போகவில்லை. ராசையா தும்மினாலும் அதற்கு ஓர் உள்நோக்கம் தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் ஜாயிண்டுக்குச் சேவை. வாரை அவிழ்த்து, பழைய கிரீசை வழித்து எறிந்து, கிருஷ்ணாயிலில் கழுவி, தண்டைக் கையால் அப்படியும் இப்படியும் முறுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ‘டக்’கென்று சின்னச் சத்தம் கேட்டால் பித்தளைக் குழல் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சத்தமில்லாவிட்டால் புதுக் கிரீசை அப்பி உறையைக் கட்டலாம். இதையெல்லாம் இப்போது ஸ்டானிஸ்லாஸ் ராசையாவின் கையில் விடவில்லை. விளக்கைப் பிடிக்கக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து, உறையின் மேல் எண்ணெய் தடவுவதையும் தானே செய்தான்.

அந்த எண்ணெய் சுறா எண்ணெய். தோலுக்கு விளக்கெண்ணெய் தடவு என்றுதான் மஜீது தொடக்கத்தில் சொன்னான். ஸ்டானிஸ்லாஸ் கேட்டுச் சிரித்தான். விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவ. உப்புத் தண்ணீரில் கிடக்கிற பொருளுக்குச் சுறா ஈரலைக் காய்ச்சின எண்ணெய்தான். காசிமேட்டில் எந்தப் படகுக்காரனை வேண்டுமானாலும் கேட்டுப் பார்! பலகையில் அதைப் பூசினால் கடலே நாக்கு நீட்டப் பயப்படும். பட்டாளத்து லாரிக்குப் படகுக்காரன் வைத்தியம் செய்கிறோம் என்பதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு. சிலுவையம்மாள் பானை நிறைய ஈரலைப் போட்டுக் காய்ச்சும் நாளில் சந்து முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது.

“யக்கா, உன் வூட்டுக்காரர் வண்டி ஓட்டறாரா, வல இழுக்கறாரா?” என்று எதிர்வீட்டு அங்கம்மா கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான். நடு வழில நின்னா ஊரே கூடி இழுக்குது” என்பாள் சிலுவையம்மாள்.

அப்படிக் கழுவி, கட்டி, பூசி வைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசையில் ராசையாவைக் காணவில்லை. அக்காளுக்குப் பக்கத்தில் அவன் முழந்தாளிடும் இடம் காலியாக இருந்தது. சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரியாது. பூசை முடிந்ததும் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் திருவொற்றியூருக்கு நடையைக் கட்டினான்.

கிடங்கின் பக்கத்தில், காலிச் சாக்குகள் அடுக்கி வைத்த கொட்டகையில்தான் லாரி நிற்கும். கதவு லேசாகத் திறந்திருந்தது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பாதத்தில் ஆறின கொப்புளத் தழும்பு, ராசையாவின் கால்தான்.

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து காலைப் பிடித்து இழுத்தான். ராசையா முதுகு தேயத் தேய வெளியே வந்தான். ஒரு கையில் கத்தி. இன்னொரு கையில் முழம் நீளத்துக்கு அறுந்த வார்.

“மாமா!”

“கோயிலுக்கு வரலியாடா?”

“இல்ல மாமா... நேத்து கட்டினது நல்லா கீதான்னு மனசுக்குத் தோணிச்சு. வந்து பாத்தா வாரு பிரிஞ்சு கெடக்குது. பிஞ்சத வெட்டிட்டு வேற கட்டலாம்னு...”

“நேத்து சாயங்காலம் நான் கட்டினது. காலைல பிரிஞ்சு கெடந்துச்சு?”

“ஆமா மாமா.”

“வண்டி ஒரு அடி நவுரல. ஒரு கல்லு படல. தானா பிரிஞ்சுக்கிச்சு?”

“அதான் எனக்கும் புரியல.”

“எனக்குப் புரியுதுடா.”

ராசையா மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். கத்தியைத் தரையில் வைத்தான். “மாமா, சொன்னா நீ கத்துவே, என்னத்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் சொல்லாம கட்டிடலாம்னு பாத்தேன். சிலுவை மேல சத்தியமா...”

“எந்த சிலுவை மேல? நீ கொன்னுகினு கீறியே, அந்த சிலுவை மேலயா?”

திங்கட்கிழமை காலையில் ஸ்டானிஸ்லாஸ் கான்டிராக்டர் முன்னால் போய் நின்றான். ‘ராசையாதான் செய்தான்’ என்று அவன் சொல்லவில்லை. “கத்தியோட வண்டிக்கு அடில பாத்தேன்” என்றான். “கையில அறுந்த வாரு இருந்துச்சு” என்றான். ஒவ்வொரு சொல்லும் நிஜம். மீதியைப் பக்தவச்சலமே சேர்த்துக்கொண்டார்.

ராசையாவை அன்றே அனுப்பிவிட்டார்கள். அதோடு போகவில்லை. துறைமுகத்துக் கொட்டகைகளில் லாரி வைத்திருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பொறாமைப்படுகிறவர்கள்தான். ஆனால் இந்தச் செய்தியை மட்டும் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ‘வாரு அறுக்கிறவன்’ என்று அவனுக்குப் பேர் விழுந்தது. அவன் வாசலுக்கு வந்தாலே டிரைவர்கள் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சிலுவையம்மாள் புருஷனோடு பேச்சைக் குறைத்தாள். சோறு போட்டாள், ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்க’ என்று சொல்வதை நிறுத்தினாள்.

அந்த வாரம் ஸ்டானிஸ்லாஸ் நிம்மதியாகத் தூங்கினான். புது வார், புது முடிச்சு. உறைக்கு முன்னைவிடக் கெட்டியாக எண்ணெய் பூசினான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ குனிந்து பார்த்தபோது வார் பாதி அறுந்திருந்தது.

கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே ஒரு விதமான ஆறுதலும் வந்தது என்பதை அவன் பிறகுதான் உணர்ந்தான். வருகிறான்! வேலையை விட்டுப் போயும் கொட்டகைக்குள் புகுந்து வருகிறான். அப்படியானால் தான் சொன்னது சரி. கையும் களவுமாகப் பிடித்து அக்காள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் வீட்டிலும் வாய் அடைபடும்.

மறுநாள் சாயங்காலம், கோயிலில் மணி அடித்து ஊர் விளக்கேற்றும் நேரத்தில், வீட்டுக்குப் போவது போலப் போய்விட்டு, சுற்றுவழியாகக் கொட்டகைக்குத் திரும்பினான். லாரியில் ஏறித் தன் ஆசனத்திலேயே உடம்பைக் குறுக்கிப் படுத்தான். வண்டியைக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டான். கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வெளியே ஒரு குட்ஸ் வண்டி பெட்டிகளை இடித்து இடித்துக் கோத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கியதும் கேட்டது.

கறுக். கறுக், கறுக்.

அவனுக்கு நேர் கீழே. தோலைக் கத்தியால் அறுக்கும் சத்தம். அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, பழகின கை செய்வது போல.

கதவு திறந்த சத்தம் வரவில்லையே? அப்படியானால் முன்பே உள்ளே இருந்திருக்கிறான். சாக்குக்குள் ஒளிந்திருந்திருக்கிறான். ஸ்டானிஸ்லாஸின் கை கைப்பிடியை இறுக்கிற்று. மூச்சைப் பிடித்து ஒரே தாவலில் கீழே குதித்து, குனிந்து கத்தினான்:

“டேய் ராசையா! வெளிய வாடா!”

ஒரு பெருச்சாளி அவனை ஏறிட்டுப் பார்த்தது.

நல்ல கொழுத்த பெருச்சாளி. உறையின் மேல் முன்கால்களை ஊன்றி நின்றிருந்தது. வாயின் இரண்டு பக்கமும் வார் மீசையைப் போல நீட்டிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்ட மரியாதைக்காகவோ என்னவோ, கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, சாக்குகளுக்கு நடுவில் நுழைந்து மறைந்தது.

ஸ்டானிஸ்லாஸ் சிரித்துவிட்டான். வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவனுக்கே தெரியாது. தீக்குச்சியைக் கிழித்து அடியில் நீட்டிப் பார்த்தான். வாரின் முனையில் வரிவரியாகப் பல் பதிந்திருந்தது. எண்ணெய் ஊறிய இடமெல்லாம் கடிபட்டிருந்தது. எண்ணெய் எட்டாத முடிச்சின் உட்பக்கத்தை மட்டும் அது தொடவே இல்லை. தன் கையை முகர்ந்து பார்த்தான். சுறா மணத்தது.

ஆக, சனிக்கிழமைதோறும் அவனே இலை போட்டிருக்கிறான். எலிகள் வந்து சாப்பிட்டுவிட்டு, கிழிந்த உறையை அவனுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. அப்புறம் வண்டி மணலில் இறங்கினால் மிச்ச வேலையை மணல் பார்த்துக்கொண்டது.

நெருப்பு விரலைச் சுட்டது. இருட்டில் உட்கார்ந்தான். இப்போதே போய்ச் சொல்லலாம். என்னவென்று? ‘மொதலாளி, மஜீது வேணாம்னு சொல்லியும் கேக்காம உங்க வண்டிய எலிக்குப் போட்டவன் நான்தான்’ என்றா? பக்தவச்சலம் கோபப்பட மாட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அமைதியாக, ‘சரி, சாவியைக் குடு’ என்பார். மறுநாள் ஊர் பார்க்கக் கரிக்கூடை.

நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து போனான்.

மறுநாள் முதல் வேலையாக உறையைக் கிருஷ்ணாயிலில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினான். விளக்கெண்ணெய் வாங்கிவந்து பூசினான். அது குமட்டும், எலி வாய் வைக்காது. கொட்டகையில் பொறி வைத்தான். ‘சாக்கையெல்லாம் கடிக்குது’ என்று காவல்காரனிடம் காரணம் சொன்னான். அந்த வாரம் வார் அறவில்லை. அடுத்த வாரமும் அறவில்லை. தண்டை முறுக்கினால் டக்கென்ற சத்தமே இல்லை. சேற்றிலும் மணலிலும் கழிமுகத்து உப்புத் தண்ணீரிலும் ராட்சசன் புது மாப்பிள்ளை மாதிரி போய் வந்தான்.

வண்டி நன்றாக ஓட ஓட ராசையாவின் குற்றம் உறுதிப்பட்டது. இதை ஸ்டானிஸ்லாஸ் எதிர்பார்க்கவில்லை.

“பாத்தியா?” என்றார் பக்தவச்சலம். “முள்ள எடுத்தோம், காலு நடக்குது. உன் மச்சானாச்சேன்னு நீ மறைக்காம சொன்னே பாரு, அதான் எனக்குப் புடிச்சுது.” மாட்டு வண்டிக்காரர்கள்கூடத் தடத்தில் ஒதுங்கி நின்று, “அக்கா தம்பியா இருந்துகினு இப்டி பண்ணிட்டானே, பேஜாரு” என்று துக்கம் விசாரித்தார்கள். அவன் ஒவ்வொரு மூட்டையையும் பத்திரமாக இறக்கும்போது மச்சான் மேல் இன்னொரு மூட்டை ஏறிற்று. வேண்டுமென்றே ஒரு நாள் ஜாயிண்டைக் கெடுத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கை வரவில்லை.

மஜீதின் பட்டறையில் எஞ்சினைக் காட்டப் போனபோது, மஜீது வண்டிக்கு அடியில் படுத்து உறையைத் தடவிப் பார்த்தான். விரலை மூக்கில் வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

“இன்னா நைனா, வண்டில கவுச்சியே காணோம்?”

“எண்ணெ தீந்துபோச்சு.”

“ஓகோ” என்றான் மஜீது. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்று முதல் அந்த ‘ஓகோ’ ஸ்டானிஸ்லாஸோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உப்பளத்துக்கும் கிடங்குக்கும் வந்து போயிற்று. மஜீது யாரிடமாவது சொல்வானா? பக்தவச்சலம் நேற்று அவனைக் கூப்பிட்டனுப்பினாராமே, எதற்கு? முன்பு ஊரையெல்லாம் சந்தேகித்தவனுக்கு இப்போது ஊரெல்லாம் தன்னைச் சந்தேகிப்பதாகப் பட்டது. காவல்காரன் எலிப்பொறியைத் தூக்கிக் காட்டி, “இன்னிக்கும் ஒண்ணு, டிரைவரே!” என்று சிரித்தால், அந்தச் சிரிப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான்.

வீட்டில் ஒரு நாள் சிலுவையம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:

“ஈரலு எடுத்து வெக்கட்டான்னு மீன்கார கெங்கம்மா கேட்டா. நீ தான் இப்பல்லாம் எண்ணெ காய்ச்சச் சொல்றதே இல்லியே?”

“நாத்தம்னு சந்துல எல்லாரும் பேஜார் பண்றாங்கன்னு நீ தானே சொன்னே?”

“அத்த நான் மொதல்லேர்ந்து சொல்லிகினு கீறேன்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அவனால் கணிக்க முடியவில்லை. ஜாயிண்டுக்குள் தேய்மானத்தைக் கையால் முறுக்கிக் கண்டுபிடித்துவிடுவான். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எதைப் பிடித்து முறுக்குவது?

ராசையா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு. வாசலிலேயே நின்றான். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே ‘யக்கா, சோறு’ என்று கேட்டு வருபவன். இளைத்திருந்தான். சட்டையின் தோளில் கரி படிந்திருந்தது. துவைத்தும் போகாத கரி. அது எந்த வேலையின் கறை என்று ஸ்டானிஸ்லாஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“உள்ள வாடா” என்றாள் சிலுவையம்மாள். அருவாமணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“இல்லக்கா. மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போய்டறேன்.”

ஸ்டானிஸ்லாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “இன்னா?” என்றான்.

“மாத்தூர் பக்கம் செங்கல் சூளைக்காரர் ஒருத்தரு லாரி வாங்கிகீறாரு மாமா. நம்ம வண்டி மாதிரியே, நாலு சக்கரமும் இழுக்கறது. ஏரிக்கரை களிமண்ணுல போவணுமாம். அந்த மாதிரி வண்டிய ஓட்டத் தெரிஞ்சவன் இல்லன்னு தேடிகினு கீறாரு. நான் போய்க் கேட்டேன். ஓட்டிக் காட்டச் சொன்னாரு, ஓட்டினேன். அவருக்குப் புடிச்சுப்போச்சு. அப்பால பேரு கேட்டாரு.”

“ம்.”

“பேரச் சொன்னதும், ‘அந்த வாரு அறுக்கிறவனா நீ?’ன்னாரு.” ராசையா சிரிக்கப் பார்த்தான். “அங்க வரிக்கும் போய்க்கீது பாரு.”

அருவாமணையின் சத்தம் நின்றிருந்தது.

“ஆனா தொரத்தல மாமா. நல்ல மனுசன். ‘உன்னைப் புடிச்சுக் குடுத்தவரு யாரு, உன் அக்கா புருசன் தானே? அவரு வாயால வந்து சொல்லட்டும். அவரு சொன்னா நான் எடுத்துக்கிறேன்’னாரு. நாளைக்குக் காலைல வரிக்கும் பாப்பாராம். அதுக்கு மேல மெட்ராசுலேர்ந்து வேற ஆள எடுத்துக்குவாராம்.”

“இன்னா சொல்லணுமாம்?”

கேட்டது ஸ்டானிஸ்லாஸ் இல்லை, சிலுவையம்மாள். கை முழுக்கச் செதிலும் இரத்தமுமாக எழுந்து நின்றிருந்தாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசையா இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இரண்டு கவட்டைகளுக்கு நடுவில் ஏதோ ஒன்றைத் தாங்கிப் பிடிப்பது போலிருந்தது அது.

“நான் செய்யல மாமா. உனக்கு அது நம்பிக்கையில்ல, சரி, அத்த உடு. அதுக்காக நான் இங்க வரல. செஞ்சேன்னே வெச்சுக்கலாம். அறுத்தேன்னே வெச்சுக்கலாம். நீ அத்த மன்னிச்சிட்டேன்னு, இனிமே இவன் அப்டி செய்யமாட்டான்னு, எங்கூட ஒரு நடை மாத்தூருக்கு வந்து அவருகிட்ட சொல்லிட்டுப் போறியா மாமா?”